ஜான் பிரெடரிக் ஓபர்லின்

ஜான் பிரெடரிக் ஓபர்லின் (ஆகஸ்ட் 31, 1740 - ஜூன் 1, 1826) பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் பணியாற்றிய லுத்தரன் போதகர். வோஷ் மலைத்தொடரில் உள்ள வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூரில் 59 ஆண்டுகள் குருவாக இருந்தார். சாலை, பாலம், வேளாண்மை, கடனுதவி, சிறு குழந்தைகளுக்கான பள்ளிகள் ஆகியவற்றால் மிக வறிய மலைக்கிராமங்களின் வாழ்க்கையை மாற்றியவர். ஐரோப்பாவில் மழலையர் கல்வியின் முன்னோடிகளில் ஒருவராகக் கருதப்படுகிறார்.

பிறப்பு, கல்வி

ஓபர்லின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பிறந்தார். தந்தை அந்நகரின் புராட்டஸ்டண்ட் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியர். அண்ணன் ஜெரமி ஜாக் ஓபர்லின் பின்னாளில் தொல்லியலிலும் மொழியியலிலும் பெயர்பெற்ற அறிஞரானார். பெரிய குடும்பம், குறைந்த வருமானம். ஓபர்லின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். படிப்பு முடிந்தபின் உடனே சபை எதையும் ஏற்காமல் சில ஆண்டுகள் வீட்டு ஆசிரியராக இருந்தார்.

வால்டர்ஸ்பாக்

வால்டர்ஸ்பாக் உள்ள மலைப்பகுதி பிரெஞ்சில் பான் தெ லா ரோஷ் என்றும், ஜெர்மனில் கல் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் ஷ்டைன்டால் என்றும் அழைக்கப்பட்டது. கத்தோலிக்க அரசரின் ஆட்சியில் இருந்தாலும் மக்கள் லுத்தரன்கள். முப்பதாண்டுப் போரில் ஊர்கள் அழிந்து மெல்ல மீண்டும் குடியேற்றம் நடந்த இடம். நீண்ட பனிக்காலம், கல் நிறைந்த மண், வெளியுலகுக்குச் செல்லச் சரியான பாதை இல்லை. மக்கள் பேசியது பிரெஞ்சும் அல்லாத, ஜெர்மனும் அல்லாத ஒரு லொரேன் வட்டார வழக்கு. பைபிளை வாசிக்கவே அவர்களுக்கு இன்னொரு மொழி தேவைப்பட்டது.

ஓபர்லினுக்கு முன் அங்கே குருவாக இருந்த ஜான் ஜார்ஜ் ஸ்டூபர் பள்ளிகளைச் சீர்திருத்தி, நூல்களை இரவல் கொடுக்கும் நூலகம் ஒன்றையும் தொடங்கியிருந்தார். ஓபர்லினின் புகழில் ஸ்டூபரின் பங்கு பெரும்பாலும் மறைந்துபோனது. ஓபர்லின் செய்தவற்றில் பலவற்றுக்கு அடித்தளம் இட்டவர் அவரே. தன் இடத்துக்கு ஆள் தேடி 1767-ல் ஸ்டூபர் ஓபர்லினின் மாடியறைக்கு வந்தபோது, ஓபர்லின் பல்வலியுடன் படுத்திருந்தார் என்றும், படுக்கையைச் சுற்றி அவரே காகிதத்தில் செய்த திரை தொங்கியது என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இப்படி வாழத் தெரிந்தவர்தான் அந்த மலைக்கு ஏற்றவர் என ஸ்டூபர் முடிவு செய்தாராம். ராணுவப் படைப்பிரிவு ஒன்றில் குருவாகச் சேர இருந்த ஓபர்லின் அதை விட்டுவிட்டு வால்டர்ஸ்பாக் சென்றார்.

அவருடைய சேகரத்தில் வால்டர்ஸ்பாக், பெல்ஃபோஸ், பெல்மோன், ஃபூதே, சோல்பாக் என ஐந்து ஊர்கள் இருந்தன.

தனிவாழ்க்கை

முதலில் ஓபர்லினின் சகோதரி அவருக்கு வீட்டைக் கவனித்துக்கொண்டார். அங்கே விருந்தினராக வந்த உறவுப்பெண் மதலேன் சலோமே விட்டரை ஓபர்லின் 1768-ல் மணந்தார். மதலேன் பெற்றோரை இழந்தவர். ஸ்ட்ராஸ்பூர் பேராசிரியர் ஒருவரின் மகள். நகரத்தில் வளர்ந்தவர் மலைக்கிராமத்தின் குருமனைக்கு வந்து, கணவரின் எல்லாப் பணிகளிலும் பங்கெடுத்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்தனர், ஏழு பேர் எஞ்சினர்.

அந்தக் குருமனை ஒரு குடும்பத்தின் வீடாக மட்டும் இருந்ததில்லை. அங்கே மாணவர்கள் தங்கிப் படித்தனர், நோயாளிகள் மருந்துக்கு வந்தனர், பள்ளிகளை நடத்தும் பெண்கள் பயிற்சி பெற்றனர். ஓபர்லினின் பொதுப்பணியை அவருடைய இல்லத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

பின்னல் பள்ளிகள்

ஓபர்லினின் பெயரோடு முதன்மையாகச் சேர்த்துச் சொல்லப்படுவது இப்பள்ளிகளே. ஆனால் தொடக்கம் அவருடையதல்ல. பெல்மோன் ஊரைச் சேர்ந்த சாரா பான்ஸே என்ற இளம்பெண் 1769 அளவில் தன் வீட்டில் சிறு குழந்தைகளைச் சேர்த்துப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்து வந்தார். வருமானம் இல்லாத அந்த வேலையை அவள் தந்தை விரும்பவில்லை. ஓபர்லின் அதைக் கேள்விப்பட்டு, அவளுக்குக் கூலி கொடுத்து அப்பணியைத் தொடரச் செய்தார். சாரா இளம் வயதிலேயே இறந்தார்.

அதன்பின் ஊர்தோறும் இத்தகைய பள்ளிகள் உருவாயின. பெற்றோர் வயலுக்குச் சென்ற நேரத்தில் குழந்தைகள் அடுப்பு மூட்டிய ஒரு வெதுவெதுப்பான அறையில் கூடினர். அதனால் அவை பின்னல் அறைகள் எனப்பட்டன. 'வழிநடத்துபவர்' எனப்பட்ட பெண்கள் பொறுப்பேற்றனர். அவர்களை மேற்பார்த்தவர் மதலேன். மூத்த குழந்தைகள் பின்னினர், இளையவை விளையாடின. பாட்டு, கதை, படங்கள், செடிகளின் பெயர்கள் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. நிலவியல் குழந்தையின் சொந்த ஊரின் வரைபடத்திலிருந்து தொடங்கியது. ஃப்ரோபெல் 1840-ல் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை உருவாக்குவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய முயற்சி இது.

இங்கே கற்பிக்கப்பட்ட மொழி பிரெஞ்சு. அதற்காகவே 1794-ல் புரட்சி அரசின் தேசியப் பேரவை ஓபர்லினைப் பாராட்டியது. தம்பியின் பள்ளிகள் வட்டார வழக்கை மெல்ல விலக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1775-ல் அண்ணன் ஜெரமி ஜாக் அந்த வழக்கைப் பதிவுசெய்து ஒரு நூல் வெளியிட்டார். அம்மொழி குறித்த மதிப்புமிக்க ஆவணம் அது.

சாலையும் நிலமும்

விளைந்ததை விற்கப் பாதை வேண்டும் என்பதில் ஓபர்லின் உறுதியாக இருந்தார். ஸ்ட்ராஸ்பூர் செல்லும் வழியை அடைய புரூஷ் ஆற்றைக் கடக்க வேண்டும். விவசாயிகள் தயங்கியபோது அவரே கடப்பாரையுடன் முதலில் இறங்கினார். பாறைகள் உடைக்கப்பட்டு சாலை வந்தது, ஆற்றின் மேல் பாலம் வந்தது. அதன் பெயர் 'அன்பின் பாலம்'.

தரம் குன்றிப்போயிருந்த உருளைக்கிழங்குக்கு மாற்றாகப் புதிய விதைக்கிழங்குகளைத் தருவித்தார். குருமனையைச் சேர்ந்த, ஊரார் நடந்துபோகும் வழியோரத்து நிலத்தில் பழமரங்களை நட்டார். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. மரங்கள் காய்த்ததைக் கண்டபின் அவர்களே வந்து கேட்டனர். இளைஞர்களைத் தச்சு, கொல்லு, கொத்து வேலைகள் கற்க ஸ்ட்ராஸ்பூருக்கு அனுப்பினார். வட்டிக்கடனில் சிக்கியவர்களுக்காகக் கடன் நிதி ஒன்றையும் ஏற்படுத்தினார். ஊரார் எல்லாவற்றையும் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளவில்லை. தொடக்க ஆண்டுகளில் அவரை அடிக்கச் சிலர் திட்டமிட்டதும் உண்டு எனப்படுகிறது.

லென்ஸ் தங்கிய நாட்கள்

1778 ஜனவரியில் ஜெர்மன் எழுத்தாளர் ஜே.எம்.ஆர். லென்ஸ் மனநலம் குலைந்த நிலையில் மலையைக் கடந்து குருமனைக்கு வந்தார். ஓபர்லின் தம்பதியர் அவரை ஏற்றுக்கொண்டனர். லென்ஸ் இரவுகளில் வீட்டு முன் இருந்த ஊற்றுத்தொட்டிக்குள் குதித்தார். ஃபூதேயில் இறந்துபோன ஒரு குழந்தையை உயிர்ப்பிக்க முயன்றார். தற்கொலை முயற்சிகள் தொடர்ந்தன. மூன்று வாரங்களுக்குள் காவலுடன் அவரை ஸ்ட்ராஸ்பூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அம்முடிவை விளக்கி ஓபர்லின் எழுதிய குறிப்பே கியோர்க் பூக்னரின் 'லென்ஸ்' கதைக்கு ஆதாரம். பூக்னர் இறந்தபின் 1839-ல் வெளியான அக்கதை நவீன ஜெர்மன் உரைநடையின் முக்கியமான படைப்புகளில் ஒன்று. தன் உதவி தோற்ற ஒரு நிகழ்வை ஓபர்லின் நாள்வாரியாக, மறைக்காமல் எழுதி வைத்திருந்தார்.

மனைவியின் மறைவும் லூயிஸ் ஷெப்லரும்

மதலேன் 1783 ஜனவரியில் இறந்தார். மூத்த பிள்ளைகளே சிறுவர்கள். ஓபர்லின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இறந்த மனைவி ஒன்பது ஆண்டுகள் வரை தன்னிடம் வந்து பேசியதாக அவர் நம்பினார். மறுமை உலகின் படிநிலைகளைக் காட்டும் வரைபடங்களை உருவாக்கினார். சாலை போட்டவரும் இவரும் ஒருவரா என்று வியப்பவர்கள் உண்டு. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நம்பிக்கையின் பகுதிகள்.

வீட்டைத் தாங்கியவர் லூயிஸ் ஷெப்லர். பெல்ஃபோஸ் ஊரின் ஏழைக் குடும்பத்தில் 1763-ல் பிறந்தவர். பதினைந்து வயதளவில் பணிப்பெண்ணாகக் குருமனைக்கு வந்து, பின்னல் பள்ளியின் வழிநடத்துபவராகவும் ஆனவர். மதலேனுக்குப்பின் ஏழு குழந்தைகளையும் வளர்த்தார். பனியில் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளையும் கவனித்தார். 1793-ல் ஓபர்லினுக்கு எழுதிய கடிதத்தில், இனிமேல் தனக்குச் சம்பளம் வேண்டாம், தன்னை மகளாக நடத்தினால் போதும் என்று கேட்டுக்கொண்டார். ஓபர்லின் சம்மதித்தார்.

புரட்சிக்காலமும் இறுதி ஆண்டுகளும்

அதே 1793-ல் ஓபர்லினின் மூத்த மகன் புரட்சிப்படையில் போரிட்டு இறந்தான். மத வழிபாடு தடைசெய்யப்பட்ட மாதங்களில், சபை ஊர்க்கழகமாக உருமாறிக் கூடியது. ஓபர்லின் அதன் பேச்சாளர். 1794-ல் கைதுசெய்யப்பட்ட அவர், ரோபஸ்பியரின் வீழ்ச்சிக்குப்பின் விடுதலையானார். காட்டு உரிமை தொடர்பாகப் பல பத்தாண்டுகள் நீடித்து ஊர்களை வறுமையாக்கிய வழக்கு 1813-ல் அவருடைய முயற்சியால் சமரசத்தில் முடிந்தது. நாடா நெசவுத்தொழில் நடத்திய லெக்ராண்ட் குடும்பத்தினர் அப்பகுதிக்கு வந்து குடியேறியதும் இக்காலத்திலேயே. 1819-ல் அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது வழங்கப்பட்டது.

ஓபர்லின் தன் 85-ஆம் வயதில் இறந்து ஃபூதே தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1833-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நிறுவப்பட்ட கல்லூரிக்கு அவர் பெயர் இடப்பட்டது. கறுப்பின மாணவர்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்ட முதல் அமெரிக்கக் கல்லூரிகளில் அது ஒன்று. வால்டர்ஸ்பாக் குருமனை இன்று அருங்காட்சியகம்.

ஓபர்லினின் பிள்ளைகள் சொத்தில் லூயிஸுக்கும் பங்கு கொடுக்க முன்வந்தனர். அவர் மறுத்து, தன் பெயருடன் ஓபர்லின் என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டார். 1829-ல் பிரெஞ்சு அகாதமி அவருக்கு மோந்தியோன் பரிசாக 5000 பிராங்க் வழங்கியது. 1837-ல் அவர் இறந்தார்.