சிரிப்புக்கு மதிப்பெண் உண்டோ?

பொன்முடி மலையின் அடிவாரத்தில், வித்துராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அட்டையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைப்புத் தேடி வந்த முன்னோர் காலந்தொட்டு, மழை நாளில் அதற்குக் குருதி வரி செலுத்தாதார் நம்மில் யாவர்? அந்த அட்டையே சென்ற ஆண்டு நம் சிறுவர் விழாவில் ஒரு வழக்காக வந்து நின்றது. அவ்வழக்கில் நாம் அளித்த தீர்ப்புப் பிழையானது என்பதை அன்பர்கள் முன் ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நடந்தது இது. முரசு அணிவகுப்புப் போட்டிக்கு நான்கு குழுக்கள் வந்தன. மூன்று குழுக்கள் நாட்டுப்பற்று, ஒற்றுமை, இயற்கை எழில் என்னும் பொருள்களை மேற்கொண்டு சீராக நடந்து சென்றன. நான்காவது குழுவினர் எடுத்துக்கொண்ட பொருள் ‘அட்டை கடித்த பட்டாளம்’. தலைவன் மீசையை முறுக்கி முன்னே வர, பட்டாளம் மிடுக்குடன் மலையேறுகிறது. திடீரென ஒரு வீரன் துள்ளுகிறான், அடுத்து இருவர், பின்னர் வரிசை முழுவதும் ஒற்றைக் காலில் குதிக்கிறது. முடிவில் தலைவனே தொப்பியைக் கழற்றி உப்புப் பொட்டலத்தைத் தேடுகிறான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. நடுவராக அமர்ந்திருந்த நாமும் சிரித்தோம். சிரித்த கையோடு, ‘வரிசை குலைந்தது, பொருளில் கனமில்லை’ என்றெழுதி அக்குழுவைக் கடைசியில் வைத்தோம்.

மறுநாள், தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். “ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பிள்ளைங்க கண்டபடி குதிக்கலை. ஏழாவது அடிக்கு ஒருக்கா குதிச்சாங்க. நான் விரல் விட்டு எண்ணினேன்” என்றார்.

நாம் எண்ணவில்லை. கைப்பேசியில் ஒருவர் பிடித்து வைத்திருந்த காட்சியை வாங்கி மீண்டும் பார்த்தோம். அம்மையார் கூறியது முற்றும் உண்மை. குழப்பம் போலத் தோன்றிய அத்தனையும் கணக்காக நிகழ்ந்திருந்தது. முரசின் காலம் ஓரிடத்திலும் பிசகவில்லை.

நகைச்சுவையை எங்ஙனம் மதிப்பிடுவது என்னும் இவ்வினா நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டில் இளைஞர் பலர் ஒன்றுகூடி, முரசும் பித்தளைக் குழல்களும் முழக்கியவாறே திடலில் பலவகைக் கோலங்களாக அணிவகுத்துச் செல்லும் போட்டி ஒன்று உண்டு. அதற்கென 1971-இல் தோன்றிய ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பு, 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் தன் முதல் இறுதிப் போட்டியை நடத்திற்று. அந்நாளில் நடுவர்கள் பிழையை எண்ணிக் கழிக்கும் முறையைக் கைக்கொண்டனர். ஒரு கோல் தவறினாலும் ஒரு கால் பிந்தினாலும் மதிப்பெண்ணில் பத்திலொரு பங்கு போய்விடும். வேண்டுமென்றே தடுமாறிக் காட்டும் குழுவுக்கு இம்முறையில் எத்துணை இடர் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் அத்தகைய குழுக்கள் தோன்றவே செய்தன. நியூ ஜெர்சி மாநிலத்து பேயோன் நகரின் ‘பிரிட்ஜ்மென்’ குழுவினர் நீண்ட மஞ்சள் அங்கியும் அகன்ற தொப்பியும் அணிந்து வந்தனர். திடலிலேயே அணியோடு மயங்கி வீழ்வது போல் நடித்து அவையினரைச் சிரிக்க வைத்தனர். இவர்களே 1980-இல் நாடளாவிய இறுதிப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றனர். கலிபோர்னியாவின் அனாஹீம் நகரத்து ‘வெல்வெட் நைட்ஸ்’ குழுவோ, சிவப்புக் கேன்வாஸ் காலணியும் கேலிக் காட்சிகளுமாக வந்து, 1980களில் இறுதிச் சுற்றுக்குரிய 12 குழுக்களுள் பன்முறை இடம்பெற்றது. முதற்பரிசு அதற்குக் கிட்டவே இல்லை. எனினும் மக்கள் அதை மறக்கவில்லை.

பிழையை எண்ணிக் கழிக்கும் முறை 1984-இல் கைவிடப்பட்டது. இன்று அப்போட்டியின் 100 மதிப்பெண்ணில் இசைக்கு 30, காட்சிக்கு 30, இரண்டும் கூடி அவையோரிடத்து விளைக்கும் பயனுக்கு 40 என வகுத்துள்ளனர். எடுத்த பொருள் அழுகையாயினும் நகையாயினும், அது நினைத்த பயனை விளைத்ததா என்பதே அங்கு வினா.

கடல் கடந்து சென்றுதான் இதைக் கற்க வேண்டுமோ? நாம் வாழும் மலையாள நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குஞ்சன் நம்பியார், சாக்கியார் கூத்துக்கு மிழாவு முழக்கியவர். அம்பலப்புழைக் கோயிலில் ஒரு நாள் முழக்கும்போது கண்ணயர்ந்தார் என்றும், சாக்கியார் அவையில் அவரை எள்ளி நகையாடினார் என்றும், அதற்கு மறுமொழியாக அவர் படைத்ததே துள்ளற் கலை என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பிறர் சிரிக்க நின்ற முரசுக்காரர், பிறரைச் சிரிக்க வைக்கும் கலைஞரானார். பின்னாளில் திருவிதாங்கூர் அரசவையும் அவரை ஆதரித்தது.

அத்துள்ளல் இன்று மாணவர் போட்டிகளில் மதிப்புடன் வீற்றிருக்கிறது. 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழாவில் ஓட்டந்துள்ளலும் உண்டு, பேண்டு மேளமும் உண்டு. 2025 சனவரியில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற 63-ஆவது விழாவில் திருச்சூர் மாவட்டம் 1008 புள்ளிகளும், பாலக்காடு 1007 புள்ளிகளும் பெற்றன. ஒரே புள்ளியில் தங்கக் கோப்பை கைமாறியது. நடுவரின் ஒரு கோடு எத்துணைப் பொறுப்புடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, நகைப்பொருளை மேற்கொண்ட குழுவை மதிப்பிடுவோர் மூன்றைக் காண வேண்டும் என்று இப்போது தெளிந்தோம். முதலாவது, குழப்பம் நடிப்பா, உண்மையா என்பது. நடிப்பாயின் அது தாளத்தில் நிற்கும், எண்ணினால் அகப்படும். இரண்டாவது, சிரிப்புப் பொருளிலிருந்து பிறந்ததா, ஒட்டவைத்த கோமாளித்தனமா என்பது. மீசை முறுக்கிய தலைவன் உப்பைத் தேடியதில் வீறாப்பின் வெறுமை வெளிப்பட்டது. அது பொருளிலிருந்தே பிறந்த நகை. மூன்றாவது, அச்சிரிப்பு எவரையேனும் இழிவு செய்ததா என்பது. எளியோரின் உருவத்தையும் மொழியையும் பழித்துப் பெறும் சிரிப்பு, எத்துணைப் பலமாக எழுந்தாலும் மதிப்பெண் பெறத்தக்கதன்று. கைதட்டலின் ஓசையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. பொருள் கனமானது என்பதற்காகச் சோம்பிய நடைக்கு மதிப்பெண் வழங்குதலும் முறையன்று.

இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. வேற்று நிலத்தில் வாழும் நாம் பிள்ளைகளிடம் அடிக்கடி கூறும் சொல், ‘நாலு பேர் சிரிக்கும்படி நடக்காதே’ என்பது. நம் பேச்சைக் கேட்டுப் பிறர் சிரித்த நாட்களின் தழும்பு அச்சொல்லில் இருக்கிறது. அத்தழும்பே அன்று நம் கையில் எழுதுகோலைப் பிடித்ததோ என ஐயுறுகிறோம். பிறர் நம்மைக் கண்டு சிரிப்பது வேறு. நாம் கணக்கிட்டுப் பிறரைச் சிரிக்க வைப்பது வேறு. முன்னது நம்மைக் கூனச் செய்வது. பின்னது நிமிர்ந்து நிற்பவர்க்கே இயலுவது. தம் பாட்டன்மாரைக் கடித்த அட்டையை முரசாக்கி முழக்கிய அச்சிறுவர், நம்மினும் நிமிர்ந்து நின்றனர்.

வழங்கிய பரிசைத் திரும்பப் பெறுதல் நேர்மையன்று. எனவே அக்குழுவினரின் வீடுகளுக்கு நேரிற் சென்று நம் பிழையைத் தெரிவித்தோம். மீசை வைத்து நடித்த சிறுவன் சற்றே யோசித்து, “பரவாயில்லை மாமா. இந்த வருஷம் எட்டாவது அடிக்குக் குதிக்கிறோம், எண்ணுறதுக்கு உங்களுக்கு லேசா இருக்கும்” என்றான்.

இவ்வாண்டு விழாவில் நடுவர் வரிசையில் அந்த மூதாட்டிக்கும் ஓர் இருக்கை இட்டிருக்கிறோம். பெற்றோர்கள் தம் பிள்ளைகள் விரும்பும் பொருளைத் தடுக்காது அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறோம்.