கூரை பிரித்த தேர்தல்

கத்தோலிக்கத் திருச்சபையில் பங்குக் குருவுக்கு மேலே ஆயர். ஆயர்களுக்கெல்லாம் தலைவர் ரோம் நகரின் ஆயரான போப்பாண்டவர். இயேசுவின் சீடர் பேதுருவின் வழித்தோன்றலாக அவர் கருதப்படுகிறார். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கர்தினால்கள். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு வாக்கில்லை.

1268-இல் போப் நான்காம் கிளமென்ட் இறந்தபின், இத்தாலியின் வித்தர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடிவெடுக்காமல் இழுத்தடித்தார்கள். பொறுமையிழந்த ஊரார் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, உணவைக் குறைத்து, கூரையையும் பிரித்தார்கள் என்பது வரலாறு. 1271-இல் தேர்வானவரோ கர்தினாலே அல்லர். அப்போது அவர் இத்தாலியிலும் இல்லை! பத்தாம் கிரகோரி என்ற அந்தப் போப், 1274-இல் பூட்டிய அறைக்குள் தேர்தல் என்பதைச் சட்டமாக்கினார். மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம். மேலும் ஐந்து நாள் கடந்தால் ரொட்டி, தண்ணீர், திராட்சை இரசம் மட்டும்.

இன்று சாப்பாட்டுத் தண்டனை இல்லை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் நாளொன்றுக்கு நான்கு சுற்று வரை இரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. வெல்ல மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். வாக்குச்சீட்டுகளை அடுப்பில் எரிக்கிறார்கள். கரும்புகை வந்தால் முடிவில்லை, வெண்புகை வந்தால் புதிய போப். சில தேர்தல்களில் சாம்பல் நிறப் புகை வந்து மக்களைக் குழப்பியதால், 2005 முதல் வெண்புகையோடு மணியும் ஒலிக்கிறது. 2025 மே 8 அன்று அப்படித் தேர்வானவர் பதினான்காம் லியோ.