கத்தி வைக்குமுன் கல்லீரலுக்கு மார்க்!

கல்லீரல் சுருங்கிய நோயாளிக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்யலாமா? எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரிப்போர்ட் சரியாக இருப்பதாலேயே பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஈரல் செல்கள் சேதமடைவதையே அவை காட்டும். எஞ்சிய ஈரலின் வேலைத் திறனைக் காட்டா. நோய் முற்றியவர்களுக்கும் அவை சரியாக இருக்கக்கூடும்.

ஆகவே டாக்டர்கள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளின் அளவு, ஈரல் தயாரிக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு, ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர்க்கோவை, புத்தித் தடுமாற்றம். அமெரிக்க டாக்டர்கள் சைல்டும் டர்காட்டும் 1964-ல் வகுத்த முறையை, லண்டனில் பியூ குழுவினர் 1973-ல் திருத்தி அமைத்தனர்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மார்க். பள்ளிப் பரீட்சைக்கு இது நேர்மாறு; மார்க் ஏற ஏற ஆபத்து. மொத்தம் 5 அல்லது 6 வந்தால் 'ஏ' பிரிவு. 7 முதல் 9 வரை 'பி'. 10 முதல் 15 வரை 'சி'. 'சி' பிரிவினருக்கு அவசரமில்லாத ஆபரேஷனைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். மருந்தால் வயிற்று நீர் வற்றி, மார்க் குறைந்தபின் மறுபடி யோசிப்பதும் உண்டு.

லீவு முடியுமுன் ஆபரேஷனை முடித்துவிடும் அவசரத்தில் குடிப்பழக்கத்தையும் பழைய காமாலையையும் மறைப்பவர்கள் உண்டு. ஆபீசில் மறைத்தாலும் டாக்டரிடம் மறைக்கலாகாது; மறைத்தால் போவது உயிர்.