கட் சொல்ல ஆளில்லாத காடு!

ராத்திரி. நடுக்காடு. அக்டோபர் மாதக் குளிர். கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெண், வீடியோ கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு அழுகிறாள். மூக்கு ஒழுகுகிறது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கூட வந்த இரண்டு பையன்களின் அம்மாக்களிடமும், தன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறாள். எல்லாமே தன்னால் வந்த வினை என்கிறாள். பேச்சு பாதியில் நின்று மூச்சு இரைக்கிறது.

டைரக்டர் எங்கே? பக்கத்தில் இல்லை. கேமராமேன்? அவளேதான். மேக்கப்? பல நாள் காட்டில் கிடந்து ஒட்டிய அழுக்கு. வசனம்? யாரும் எழுதித் தரவில்லை. கிளிசரின்? ம்ஹூம்!

'தி ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்கிற அமெரிக்கப் பேய்ப்படத்தில் வரும் காட்சி இது. 1997 அக்டோபரில், மேரிலாந்து மாநிலத்துக் காடுகளில், எட்டே நாளில் எடுத்த படம். செலவு சுமார் 60,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் இது பெரிய படங்களின் டீ, பிஸ்கட் செலவுக்கே காணாது. 1999-ல் வெளிவந்து உலகம் முழுக்க வசூல் செய்தது கிட்டத்தட்ட 24 கோடியே 80 லட்சம் டாலர்.

கடைசிவரை பேயைக் காட்டவே இல்லை. பிறகு எதைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள்? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான். அந்த முகத்தை வரவழைத்த விதம் ஒரு பெரிய கதை.

முதல் கேள்வியே ஜெயிலில்!

டானியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் என்று இரண்டு டைரக்டர்கள். ஃப்ளோரிடாவில் சினிமா படித்த நண்பர்கள். கதை சிம்பிள். மூன்று பேர் ஒரு சூனியக்காரியைப் பற்றி டாக்குமென்டரி எடுக்கக் காட்டுக்குள் போகிறார்கள், திரும்பி வரவில்லை. அவர்கள் எடுத்த ஃபிலிம் மட்டும் கிடைக்கிறது. அதுதான் நாம் பார்க்கும் படம்.

ஸ்கிரிப்ட் என்று இருந்தது சுமார் 35 பக்கம். எந்தச் சம்பவத்துக்குப் பிறகு எது என்பது மட்டும் அதில் உண்டு. வசனத்தை நடிகர்கள் அந்தந்த நிமிஷத்தில் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் ஆள் தேர்வு எப்படி? "வணக்கம், உட்காருங்க, பேர் என்ன?" எல்லாம் கிடையாது. ஆள் உள்ளே நுழைந்ததும் ஒரு கேள்வி: ஒன்பது வருஷ தண்டனையில் ஏழு வருஷம் ஜெயிலில் கழித்துவிட்டாய், உன்னை ஏன் வெளியே விட வேண்டும்? முழித்தவர்கள் எல்லாம் அவுட். ஹெதர் டோனஹ்யூ என்ற பெண் மட்டும் தன்னை விடக்கூடாது என்று சொல்லி டைரக்டர்களை முழிக்க வைத்தார். வேலை கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு பேர், ஜோஷுவா லியனார்ட், மைக்கேல் வில்லியம்ஸ். படத்திலும் அவரவர் சொந்தப் பெயர்தான். (அந்தச் சொந்தப் பெயரால் வந்த வம்பு பின்னால் வருகிறது.)

மூவருக்கும் கேமராவையும் சவுண்ட் ரெக்கார்டரையும் இயக்கச் சொல்லிக்கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். படத்தை எடுக்கப் போகிறவர்களும் நடிக்கப் போகிறவர்களும் அவர்களே. டைரக்டர்கள் காட்டுப் பச்சை உடையில், கண்ணில் படாமல் பின்னாலேயே போனார்கள்.

ஃபிலிம் டப்பாவில் ஒரு சீட்டு

நடிகர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவி. சாட்டிலைட் உதவியால் வழி காட்டும் சமாச்சாரம். இன்றைக்கு ஆட்டோக்காரர் கைபோனில்கூட இருக்கிறது, 1997-ல் அதிசயம். கருவி காட்டும் இடத்துக்குப் போனால் அங்கே ஒரு பால் கிரேட் இருக்கும். பேட்டரி, புது டேப், சாப்பாடு, கூடவே மூன்று குட்டி ஃபிலிம் டப்பாக்கள். ஆளுக்கு ஒன்று. உள்ளே ஒரு சீட்டு.

அந்தச் சீட்டுதான் டைரக்‌ஷன்!

நம் ஆபீஸ் மானேஜர் நேரில் வராமல் மேஜை மேல் சீட்டு வைத்துவிட்டுப் போவாரே, அதே டெக்னிக். வித்தியாசம் என்னவென்றால், ஒருவர் சீட்டை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது. ஒருத்தருக்கு ஒரு பக்கம் போகச் சொல்லி உத்தரவு வந்தால், அடுத்தவருக்கு அவரை நம்பாதே என்று வரலாம். இரண்டு பேருக்கும் ஏன் சண்டை வருகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனால் சண்டை நிஜமாகவே வந்துவிடும். (ஆபீஸிலும் இப்படித்தானே என்று யாரோ முனகுவது கேட்கிறது.)

இங்கே ஒரு தொழில் நுணுக்கம் கவனியுங்கள். "பயப்படு", "இன்னும் சோகமா அழு" என்று ஒரு நடிகரிடம் சொன்னால் என்ன நடக்கும்? முகத்தைக் கோணுவார். சோகம் என்பது உத்தரவு போட்டு வருகிற சரக்கு இல்லை. "உன் சிநேகிதன் பொய் சொல்றான், அவன்கிட்டயிருந்து உண்மையைக் கறந்துடு" என்று சொல்லிப் பாருங்கள். செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்துவிட்டது. காரியம் நடக்காமல் போகும்போது கோபம் தானாக வரும். கோபம் தீர்ந்தால் அழுகை தானாக வரும். நல்ல டைரக்டர்கள் உணர்ச்சியைக் கேட்பதில்லை, வேலையைத்தான் கொடுக்கிறார்கள். பட்ஜெட் குறைவான படத்துக்கு இது இன்னும் முக்கியம். ஐம்பது டேக் எடுக்க ஃபிலிமும் இல்லை, காசும் இல்லை.

பசி என்கிற அசிஸ்டென்ட் டைரக்டர்

சீட்டோடு விட்டார்களா? ராத்திரியானால் கூடாரத்துக்கு வெளியே சுள்ளி உடையும் சத்தம். குழந்தைகள் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு இருட்டில் ஓடவிட்டார்கள். கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். உள்ளே இருப்பவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடுகிற காட்சி படத்தில் இருக்கிறது. உலுக்கப் போகிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைத்தார்கள். தூக்கமும் இல்லை. தயாரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் ஹேல் ராணுவத்தில் இருந்தவர். எதிரியிடம் சிக்கினால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று அங்கே பெற்ற பயிற்சிதான் இந்த யோசனைகளுக்கு விதை.

ஒரு ராத்திரி ஜோஷுவாவுக்கு மட்டும் சீட்டில் உத்தரவு. மற்ற இருவரும் தூங்கியதும் சத்தமில்லாமல் கிளம்பி வந்துவிடு. காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். மற்ற இரண்டு பேருக்கும் இது தெரியாது. அவர்கள் அவனைத் தேடிக் கத்துகிற கத்தலில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியுமா, சந்தேகம்தான்.

இதெல்லாம் கொடுமை இல்லையா? கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். 'டாக்கோ' என்று ஒரு சங்கேத வார்த்தை. (மெக்ஸிகோக்காரர்களின் மசாலா மடித்த ரொட்டி. பசித்த வயிற்றுக்கு வேறு என்ன வார்த்தை ஞாபகம் வரும்!) யாராவது அதைச் சொன்னால் நடிப்பு அந்த நிமிஷமே நிற்க வேண்டும். "நான் இப்ப ஹெதர் பாத்திரமில்லை, நிஜ ஹெதர். எனக்கு முடியலை" என்று அர்த்தம். மழையில் கூடாரம் நனைந்து ஊறிய ஒரு ராத்திரி, போதும்டா சாமி என்று காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

இந்தக் கதவு இல்லாத படங்களும் உண்டு. டோப் ஹூப்பர் 1973-ல் டெக்ஸாஸில் எடுத்து, அடுத்த வருஷம் வெளியான 'தி டெக்ஸாஸ் செயின் சா மாஸக்கர்' படமும் சின்ன பட்ஜெட்தான். அதில் ஒரு விருந்துக் காட்சி. கோடை வெயிலில் ஜன்னலை எல்லாம் மூடி, அழுகிப்போன இறைச்சி நாற்றத்துக்கு நடுவே, ஒரு நாளைக்கும் மேலாகத் தொடர்ந்து எடுத்தார்கள். விரலிலிருந்து ரத்தம் வர வேண்டும். போலி ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பொறுமை போன நடிகர் குன்னார் ஹான்ஸன், கதாநாயகி மேரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறிவிட்டார். காட்சி பிரமாதம் என்று சரித்திரம் சொல்கிறது. விரலுக்குச் சொந்தக்காரியை அப்போது யார் கேட்டார்கள்?

தப்பில் பிறந்த க்ளோஸப்

மறுபடி நம் காட்டுக்கு வருவோம். அந்த அழுகைக் காட்சிக்கு ஹெதருக்குக் கிடைத்த உத்தரவு சுருக்கமானது. தனியாகப் போய், கேமராவைப் பார்த்து, எல்லோரிடமும் கடைசியாக விடைபெற்றுக்கொள். அவ்வளவுதான். யாரிடம் என்ன சொல்வது என்பது அவர் பாடு.

அவர் அம்மாக்களைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் அந்தப் பெண்ணின் சாமர்த்தியம். பேயைப் பற்றிப் பேசியிருந்தால் தியேட்டரில் சிரித்திருப்பார்கள். "உங்க பிள்ளையைக் கூட்டிட்டு வந்தது நான்தான்" என்று ஒரு தாயிடம் சொல்ல வேண்டிய நிலைமை யாருக்கும் புரியும். அதுவரை படம் முழுக்க மற்ற இருவரையும் அதட்டி விரட்டியவள் அவள். அந்த அதிகாரம் மொத்தமும் அந்த ஒரு நிமிஷத்தில் கழன்று விழுகிறது.

இன்னொரு வேடிக்கை. ஹெதர் தன் முகம் முழுக்கத் தெரியும் என்று நினைத்துத்தான் எடுத்தார். ஆனால் ஜூம் அதிகமாகிவிட்டது. பதிவானதோ ஓரத்தில் ஒதுங்கிய பாதி முகம், கலங்கிய கண், ஒழுகும் மூக்கு. எந்த ஒளிப்பதிவாளர் எடுத்திருந்தாலும் "ஒன் மோர்" என்று கத்தியிருப்பார். கத்த ஆள் இல்லாததால் அந்தத் தப்பு பிழைத்தது. பிற்பாடு படத்தின் போஸ்டரே அந்தப் பாதி முகம்தான்.

சுமார் 20 மணி நேரம் ஓடும் ஃபிலிமும் வீடியோவும் சேர்ந்தன. மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி 81 நிமிஷமாக்கினார்கள். நடக்கும்போது 'கட்' சொல்லாதவர்கள், எடிட்டிங் அறையில் சொன்னார்கள்.

அம்மாவுக்கு வந்த அனுதாபக் கடிதம்

1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழா. சுமார் 11 லட்சம் டாலருக்குப் படம் விலைபோனது. விளம்பரம் எப்படித் தெரியுமா? மூன்று பேரும் நிஜமாகவே காணாமல் போய்விட்டார்கள் என்று! அதனால் நடிகர்கள் வெளியே தலைகாட்டாமல் இருக்க வேண்டியிருந்தது. ஹெதரின் நிஜ அம்மாவுக்கு, மகள் போய்விட்டாளே என்று அனுதாபக் கடிதங்கள் வந்தன. காட்சியில் மகள் மன்னிப்புக் கேட்டது அந்த அம்மாவிடமும்தான்!

2000-ல் அந்த வருஷத்தின் மோசமான நடிகை என்று கேலிக்குத் தரும் 'ராஸி' விருதை ஹெதருக்குக் கொடுத்தார்கள். மூக்கு ஒழுக அழுத அந்தக் காட்சியைக் கிண்டல் பண்ணி எத்தனையோ படங்களும் நிகழ்ச்சிகளும் வந்தன. நன்றாக நடித்ததற்கு இப்படி ஒரு தண்டனை! நடிப்பு என்றே தெரியாத அளவுக்கு நடித்தால், "இதிலென்ன நடிப்பு இருக்கு?" என்று உலகம் கேட்டுவிடுகிறது. சொந்தப் பெயரைப் படத்துக்குக் கொடுத்த ஹெதர், பிற்காலத்தில் அந்தப் பெயரையே விட்டுவிட்டு ரே ஹான்ஸ் என்று மாற்றிக்கொண்டார்.

2024-ல் மூவரும் சேர்ந்து, படத்தின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார்கள். எங்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுங்கள், எங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும்போது எங்களைக் கலந்துகொள்ளுங்கள் என்று கேட்டார்கள். கூடவே மூன்றாவதாக ஒரு கோரிக்கை. வருஷாவருஷம் 60,000 டாலர், முதல் பேய்ப்படம் எடுக்கத் துடிக்கும் பேர் தெரியாத யாரோ ஒருவருக்கு மானியமாகக் கொடுங்கள்.

60,000. அந்தக் காட்டில் மூன்று பேரைப் பட்டினி போட்டு எடுத்த படத்தின் அதே பட்ஜெட்!

அந்தப் பணம் கொடுக்கப்பட்டு, யாரோ ஒரு புதுப் பையனோ பெண்ணோ அதை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போனால், முதல் காரியமாக ஒன்று செய்யட்டும். நடிகர்களுக்கு ஒரு சங்கேத வார்த்தை சொல்லிக்கொடுக்கட்டும். அதை ஷூட்டிங் முடிந்த பிறகும் செல்லுபடியாகிற மாதிரி அக்ரிமென்ட்டில் எழுதிக்கொடுத்தால் இன்னும் உத்தமம்.