மனநோயும் மணமுறிவும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

நோயுற்ற துணையைக் கைவிடலாகாது என்னும் அறவுணர்வு தமிழர் இல்லறத்தில் ஆழ வேரூன்றியதாகும். எனினும், இல்லறம் தாங்கவொண்ணாச் சுமையாகிவிட்டபோது, துணைவரின் மனநோயைக் கருதி மணமுறிவு வழக்கைத் தள்ளிவைப்பது முறையா என்னும் வினா எழுகின்றது. மலேசியச் சட்டம் இவ்வினாவை அணுகும் முறையைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் சூழலில் வைத்து இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

முஸ்லிம் அல்லாதாரின் மணமுறிவை 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணமுறிவு) சட்டம் நெறிப்படுத்துகின்றது. இது 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மனநோயைத் தனியொரு காரணமாக இச்சட்டம் கூறவில்லை. மணவாழ்வு மீட்கவியலாதவாறு முறிந்துவிட்டதா என்பதே அடிப்படை வினாவாகும். மணத்திற்குப் புறம்பான உறவு, உடன்வாழவியலாத நடத்தை, ஈராண்டுக் கைவிடல், ஈராண்டுப் பிரிந்து வாழ்தல் ஆகியவற்றை 54ஆம் பிரிவு கருத்திற்கொள்கின்றது. எனவே, நோயின் பெயரைவிட அதனால் இல்லறத்திற்கு நேர்ந்ததே ஆராயப்படும். இந்திய உச்ச நீதிமன்றமும் 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், மனச்சிதைவு என்னும் நோய்ப்பெயர் மட்டுமே மணமுறிவுக்குப் போதாது என்றும் நோயின் கடுமையே நோக்கத்தக்கது என்றும் தெளிவுபடுத்தியது.

காலத்தைப் பொறுத்தவரை 106ஆம் பிரிவு கருதத்தக்கது. ஒருவர் மட்டும் மனுச் செய்யும்போது, வழக்கு முதலில் சமரசக் குழுவிற்குச் செல்ல வேண்டும். அக்குழுவிற்கு ஆறு மாதக் காலம் உண்டு. ஆனால், எதிர்மனுதாரர் தீராத மனநோயுற்றவர் என மனுதாரர் கூறின் அப்படிநிலை தேவையில்லை. பேச்சில் பங்குகொள்ள இயலாதவரோடு சமரசம் பேசுவது பயனற்றது என்பது இவ்விலக்கின் நோக்கமாகலாம். எனினும், காலம் மிகுதியும் தேவைப்படுபவருக்கு எதிராகவே குறுகிய வழி திறக்கப்படுகின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. முதன்முறை நோயுற்ற ஒருவரைத் தீராதவர் எனக் கூறுதல் அரிது; சிகிச்சையால் நிலைபெற்றோர் பலர். இருவர் உடன்பாட்டு மணமுறிவிற்கும் 52ஆம் பிரிவு தன்னுரிமையான இசைவை வேண்டுகின்றது. நோய் முற்றிய வேளையில் பெறப்படும் கையொப்பம் அத்தகையதா என்பது ஐயத்திற்குரியது. இவ்விரு நிலைகளிலும் தள்ளிவைத்தல் தக்கதே எனலாம்.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டங்கள் முதலியவற்றில் குடியிருப்பு, வேலையோடு இணைந்து வருவது. தோட்டப் பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத துணைவர், மணமுறிவோடு கூரையையும் இழக்க நேரிடலாம். மணமுறிவு மனுவை விசாரிக்கும் உயர்நீதிமன்றங்கள் பகாங்கில் குவாந்தானிலும் தெமெர்லோவிலும் உள்ளன. 1911இல் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனையோ மலையிறங்கிப் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பெயரே நம்மிடையே ஏளனச் சொல்லாகிவிட்டது. அதனால் லயத்து வீடுகளில் நோய் மறைக்கப்படுவதுண்டு. மறைப்பதற்காக நீட்டிக்கப்படும் காலம் நோயாளிக்கோ துணைவருக்கோ குழந்தைகளுக்கோ நன்மை பயப்பதில்லை.

எனவே, தள்ளிவைக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை சில உள. முதலாவது, சிகிச்சையைத் தொடங்கி மருத்துவ அறிக்கை பெறுதல். இரண்டாவது, தம் வழக்கைத் தாமே நடத்தவியலாத நோயாளிக்காக நீதிமன்றத்தில் நிற்கத் தக்க ஒருவரை ஏற்பாடு செய்தல். மூன்றாவது, உறைவிடத்திற்கும் வாழ்க்கைப்படிக்கும் வழிகாணுதல். மனநலக் குறைவால் பொருளீட்டவியலாத கணவருக்கு, மனைவியின் வசதி கருதி, அவர் வாழ்க்கைப்படி தருமாறு ஆணையிடவும் 77ஆம் பிரிவு இடந்தருகின்றது. மணவுறவை முறிக்காமல் தனித்து வாழ விரும்புவோர் 64ஆம் பிரிவின்கீழ் நீதிமுறைப் பிரிவை நாடலாம்.

வன்முறை நிகழும் இல்லத்தில் பொறுத்திருத்தல் கடமையாகாது. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு ஆணை பெற, மணமுறிவு மனுத் தொடுத்திருக்க வேண்டியதில்லை. உயிர்ப் பாதுகாப்பை உடனே தேடிக்கொண்டு, மணமுறிவு குறித்த முடிவைப் பின்னர் எடுத்தலும் இயலும்.

தோட்டங்களில் கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் முதலில் நாடப்படுபவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. 'தீராத மனநோய்' என்னும் தொடரைப் படிவத்தில் எழுதுமுன், மருத்துவர் அவ்வாறு கூறியுள்ளாரா என அவர் வினவுவாராயின், நோயுற்றவருக்குரிய காலம் காக்கப்படும்.