கியர்பாக்ஸ் போனால் பழி யாருக்கு?

“மேடம், நீங்க டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து ஓட்டியிருக்கீங்க. அதான் கிளட்ச் தேய்ஞ்சு போச்சு.”

சர்வீஸ் அட்வைசர் இதை மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் என் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. எப்போது கிளட்ச்சைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவெடுப்பது வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். அது செய்த வேலைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்ததும், “இனி கிளட்ச் மிதிக்க வேண்டாம்” என்றார் டாக்டர். அதனால்தான் மேனுவல் வண்டியைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து ஆட்டோமேட்டிக் வாங்கினேன். போரூரிலிருந்து மயிலாப்பூர் வரை, மெட்ரோ வேலையால் குறுகிப்போன ஆற்காடு சாலையில் தினமும் போய்வர வேண்டியிருந்தது. இரண்டாம் வருடமே, மெதுவாகப் போகும்போது வண்டி உடம்பு சிலிர்ப்பதுபோல நடுங்க ஆரம்பித்தது. சர்வீஸுக்கு விட்டால், “இந்த மாடலோட கேரக்டரே அப்படித்தான் மேடம்” என்றார்கள். அடுத்த முறை, “சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு” என்றார்கள். நடுக்கம் சில வாரம் அடங்கி மறுபடி வந்தது. வாரண்டி முடிந்த சில மாதங்களில், வடபழனி சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. லீவர் டி-யில் இருக்கிறது, இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. பின்னால் வரிசையாக ஹாரன். டோ வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. எஸ்டிமேட் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

இதைப் போன்ற கதை என் குடியிருப்பிலேயே இன்னும் இருவரிடம் இருக்கிறது. கம்பெனிதான் வேறு வேறு; கிடைத்த பதில் ஒன்றே. அதனால் இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான்கு வகை, நான்கு குணம்

ஷோரூமில் எல்லாவற்றையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே சொல்லில் விற்கிறார்கள். உள்ளே இருப்பவை நான்கு வெவ்வேறு இயந்திரங்கள்.

முதலாவது ஏ.எம்.டி. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. விலை குறைவு. ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும்.

இரண்டாவது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினின் விசை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. நின்று நின்று போகும் சாலைக்குப் பழகிய, பல்லாண்டு சோதிக்கப்பட்ட அமைப்பு. இதற்கு ஆயில்தான் உயிர்.

மூன்றாவது சி.வி.டி. இதில் தனித்தனி கியர்கள் இல்லை. அகலம் மாறும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட் ஓடும். தரம் தவறிய ஆயிலும் அதிகச் சூடும் இதற்கு ஆகாது. 2003 முதல் 2010 வரையிலான சி.வி.டி. கார்களுக்கு அமெரிக்காவில் நிஸான் நிறுவனம் பிற்பாடு வாரண்டியை 10 வருடம், 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது.

நான்காவது டி.சி.டி. எனப்படும் இரட்டைக் கிளட்ச். ஒரு கிளட்ச் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை கியர்களையும், மற்றது இரட்டைப்படை கியர்களையும் கவனிக்கும். ஒன்று ஓடும்போதே அடுத்த கியர் தயாராக இருப்பதால் மாற்றம் வழுவழுவென்று இருக்கும். இதிலும் இரு வகை உண்டு. வெட் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும். ஆயில் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். டிரை கிளட்ச்சுக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது. கிளட்ச் முழுதாகப் பிடிக்காமலும் முழுதாக விடாமலும் உரசிக்கொண்டே இருக்கும் நிலைதான் அதற்குப் பெரும் பகை. நெரிசலில் ஊர்வது என்றால் அந்த நிலையில்தான் ஊர்கிறோம். ஒவ்வொரு உரசலும் சூடு. அந்தச் சூட்டில் கிளட்ச்சின் மேற்பரப்பு கெட்டு நடுக்கம் வரும். பிறகு வழுக்கல் வரும். கடைசியில் வண்டி நிற்கும்.

என் வண்டியில் இருந்தது இந்த டிரை கிளட்ச். வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. சென்னையில் விற்கும் காருக்குச் சென்னை நெரிசலைத் தாங்கும் கிளட்ச் இருக்க வேண்டும் என்பது வாங்குபவரின் நியாயமான எதிர்பார்ப்பு. ஊர்ந்து ஓட்டியது என் குற்றம் என்றால், ஊராத சாலையை எனக்கு யார் போட்டுத் தருவார்கள்?

ஆஸ்திரேலியா சொன்ன தீர்ப்பு

‘உங்கள் ஓட்டும் முறைதான் காரணம்’ என்ற பதில் உலகம் முழுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டில் அது நீதிமன்றம் வரை போய்த் தோற்றும் இருக்கிறது.

ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் என்ற ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் அமைப்பு ஃபியஸ்டா, ஃபோக்கஸ், எக்கோஸ்போர்ட் கார்களில் வந்தது. ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏறக்குறைய 70,000 வண்டிகள் இதோடு விற்றன. நடுக்கம், திடீர் வேகக்குறைவு, கியர் விழாமை என்று புகார்கள் குவிந்தன. சீல் வழியாகக் கசிந்த ஆயில், காய்ந்தே இருக்க வேண்டிய கிளட்ச்சில் பட்டது ஒரு காரணம். கட்டுப்பாட்டு மாட்யூல் பழுதானது இன்னொன்று. புகார் கொடுத்தவர்களில் பலரிடம், அவர்கள் ஓட்டும் விதத்தால்தான் நடுக்கம் வருகிறது என்று சொல்லப்பட்டது. ஆனால் இது வண்டியின் கோளாறுதான் என்று நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம், வாடிக்கையாளர்களை நிறுவனம் நடத்திய விதம் மனசாட்சிக்கு விரோதமானது என்று அறிவித்து, ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. எக்கோஸ்போர்ட் நம் மறைமலைநகர் தொழிற்சாலையில் தயாரான வண்டி. பவர்ஷிஃப்ட் பொருத்திய கார்கள் இந்தியாவிலும் ஓடின. 2017இல் புதுப்பித்த எக்கோஸ்போர்ட் பெட்ரோலில் அதற்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் வந்தது.

அமெரிக்காவில், பவர்ஷிஃப்டின் இந்தக் கோளாறு விற்பனைக்கு முன்பே நிறுவனத்துக்குள் தெரிந்திருந்தது என்பதை ‘டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்’ நாளிதழ் 2019இல் உள் ஆவணங்களோடு வெளியிட்டது. சீனாவில் 2013 மார்ச்சில் அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வேகனின் டி.எஸ்.ஜி. என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் பழுதுகளை அம்பலப்படுத்தியது. சில நாட்களிலேயே அந்நிறுவனம் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. தனித்தனியாகச் சொன்னபோது கேட்காத காதுகள், புகார்கள் ஒன்றாகப் பதிவானதும் கேட்டன.

காகிதம் பேசும்

நான் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து வாழ்ந்தவள். எழுத்தில் இல்லாதது நடக்கவில்லை என்பது எங்கள் துறையின் பாலபாடம். அதனால், வண்டியை சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதித் தரும் ஜாப் கார்டு ஒவ்வொன்றும் என்னிடம் இருந்தது. ‘மெதுவாகப் போகும்போது நடுக்கம்’ என்று முதல் முறையே எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். வாரண்டி காலத்திலேயே புகார் சொன்னதற்கு அதுவே சாட்சி. அவற்றின் நகலோடு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பினேன். “குட்வில் அடிப்படையில் பாகங்களின் செலவை ஏற்கிறோம், லேபர் மட்டும் நீங்கள் கொடுங்கள்” என்று பதில் வந்தது. நியாயமாகச் சேர வேண்டியது கருணையாக வந்தது. என் குடியிருப்பில் அந்த இருவருக்கு அதுவும் வரவில்லை. அவர்கள் வாயால் சொன்னார்கள். ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் இருந்தது.

ஆகவே, நடுக்கம், டி அல்லது ஆர் போட்டதும் நகரத் தாமதம், ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாமை, கருகல் வாடை, சூடு பற்றிய எச்சரிக்கை விளக்கு இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மொபைலில் வீடியோ எடுங்கள். ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வந்த எரர் கோடுகளின் பிரிண்ட் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கண்ணால் பாருங்கள்.

அப்படியும் வழி பிறக்காவிட்டால் சட்டம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தயாரிப்புக் குறையா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முழுக் காரையும் மாற்றித் தரக் கேட்பது மட்டும் கடினம்: வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான் என்று 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வண்டிக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கில் நிறுத்துங்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகராமல், முன்னால் இடம் விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகே டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றுங்கள். ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்’ என்று யாராவது சொன்னால், காரோடு வந்த கையேட்டில் நம் நாட்டு வெயிலுக்கும் நெரிசலுக்கும் தனி அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் கிளட்ச்சின் ஆயுளைக் கூட்டும். ஆனால் பிறவிக் குறையை எந்த ஓட்டுநராலும் ஓட்டிச் சரிசெய்ய முடியாது.

அதற்குச் சட்டம் வேண்டும். அமெரிக்காவில் 1982இல் கனெக்டிகட் மாநிலம், திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ‘லெமன் லா’ என்ற அந்த வகைச் சட்டம் பின்னர் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. நம் நாட்டில் கார்களுக்கென்று அப்படி ஒன்று இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த ரீகால் விதி, பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஆபத்தான குறைகளைத்தான் பேசுகிறது. ஓடும் சாலையில் திடீரென்று விசை அறுந்து நிற்கும் கார் ஆபத்தில்லை என்று யாரால் சொல்ல முடியும்? கியர்பாக்ஸ் பழுதையும் அந்த வரையறைக்குள் தெளிவாகக் கொண்டுவர வேண்டும். டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளை வாங்கியவர்களும் படிக்கும்படி வெளியிட வேண்டும். எந்த வகை கிளட்ச் என்பதை விலைப்பட்டியலிலேயே அச்சிட வேண்டும்.

இவை வரும்வரை, நம் கையில் இருப்பது ஜாப் கார்டுதான். அதில் உங்கள் புகார் உள்ளபடி எழுதப்படாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.