மருத்துவர் காக்கும் மறை

நோயாளர் தம்மிடம் உரைத்தவற்றைப் பிறர்க்கு வெளியிடாது காத்தல் மருத்துவர்க்குரிய அறங்களுள் தலையாயது. பண்டைக் கிரேக்க நாட்டு மருத்துவர் ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலும் இவ்வறம் இடம் பெற்றுள்ளது. மறை வெளிப்படாது என்னும் நம்பிக்கை இருந்தாலன்றி, நோயாளர் தம் துன்பத்தை முழுவதும் கூறார். கூறாவிடின் மருத்துவம் செய்தலும் அரிதாம். ஆனால், ஒருவர் உடலைப் பற்றிய செய்தி அவர் ஒருவர்க்கே உரியதன்று எனின், மருத்துவர் யாது செய்வது? மரபணுச் சோதனை இவ்வினாவை எழுப்பியுள்ளது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பாதி பாதியாக மரபணுக்கள் குழந்தைக்கு வந்து சேர்கின்றன. நிறமும் வடிவும் அவற்றின் வழியே வருதல் போலச் சில நோய்களும் வருகின்றன. அவற்றுள் ஒன்று ஹண்டிங்டன் நோய். ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1872-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். இதற்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் முப்பது வயதிற்கும் ஐம்பது வயதிற்கும் இடையே தோன்றும் இந்நோய், உடலசைவையும் அறிவையும் மனத்தையும் சிறிது சிறிதாகச் சிதைக்கும். துன்பத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. நோயை நீக்கும் மருந்து இல்லை.

பெற்றோருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒரு பங்காகும். நாணயத்தைச் சுண்டினால் பூவோ தலையோ விழுதல் போன்றது அது. எனவே, தந்தையின் குருதியைச் சோதித்து அறிந்த செய்தி மக்களையும் பற்றிய செய்தியாகி விடுகின்றது.

இங்கிலாந்தில் நிகழ்ந்த வழக்கொன்று இவ்விக்கட்டை நன்கு விளக்கும். 2007-ஆம் ஆண்டில் ஒருவர் தம் மனைவியைக் கொன்றார். அவர் மனநிலை பிறழ்ந்திருந்தமையால் மருத்துவமனைக் காவலில் வைக்கப்பட்டார். அவர்க்கு ஹண்டிங்டன் நோய் உண்டென்பது 2009-இல் உறுதியாயிற்று. அப்போது அவருடைய மகள் கருவுற்றிருந்தார். மகளிடம் உண்மையைக் கூறுமாறு மருத்துவர்கள் தந்தையை வேண்டினர். மகள் மனமுடைந்து போவாள், கருவைக் கலைக்கவும் கூடும் என்று அஞ்சிய அவர் இசையவில்லை. மருத்துவர்களும் மறையைக் காத்தனர். 2010-இல் குழந்தை பிறந்தது. அதன்பின் மருத்துவர் ஒருவர் வாய்தவறிக் கூறிய சொல்லால் மகள் உண்மையை அறிந்தார். தமக்கும் அம்மரபணு உண்டென்பதை 2013-இல் சோதனையால் தெரிந்துகொண்டார்.

முன்னரே அறிவித்திருந்தால் தம் வாழ்வைப் பற்றித் தாமே முடிவு செய்திருக்கலாம் என்று அவர் வழக்குத் தொடுத்தார். 2020-இல் தீர்ப்பு வந்தது. நோயாளர் மறையை ஒரு தட்டிலும், உறவினர் அறிய வேண்டிய தேவையை மற்றொரு தட்டிலும் வைத்துச் சீர்தூக்கும் கடமை இத்தகைய நிலையில் மருத்துவர்க்கு உண்டு என்று நீதிபதி கூறினார். எனினும், அம்மருத்துவர்கள் அக்கடமையினின்று வழுவவில்லை என முடிவு செய்தார். பெண்மணி வழக்கில் தோற்றார். ஆயினும், அவர் எழுப்பிய வினா நிலைபெற்றது.

அறிய விரும்புவோர் உள்ளவாறே, அறிய விரும்பாதோரும் உளர். பாட்டனார்க்கு இந்நோய் இருந்தது. தந்தை சோதனை செய்துகொள்ள மறுக்கின்றார். மகன் செய்துகொள்ள விழைகின்றான். மகனுக்கு அம்மரபணு உண்டெனத் தெரியின், தந்தைக்கும் உண்டென்பது சொல்லாமலே விளங்கும். ஒருவரின் அறியும் உரிமை மற்றொருவரின் அறியாதிருக்கும் உரிமையை அழித்துவிடுகின்றது.

நோயின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. மரபுவழி வரும் மார்பகப் புற்றுநோயைப் போல முன்னறிந்தால் காத்துக்கொள்ளத்தக்க நோய்களும் உண்டு. அத்தகைய நோயாயின், உறவினர்க்கு அறிவித்தல் நோயாளரின் கடமை எனப் பிரான்சு நாட்டுச் சட்டம் விதிக்கின்றது. தாமே கூற இயலாதவர், தம் பெயரை வெளியிடாது அறிவிக்குமாறு மருத்துவரை வேண்டலாம்.

எனவே, மறை காத்தல் என்பது வாய் மூடியிருத்தல் மட்டுமன்று. எச்செய்தி எவரைச் சாரும், கூறினால் விளைவது யாது, கூறாவிடின் விளைவது யாது என ஆராய்தலும் அதனுள் அடங்கும். மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்யுமுன், நோயாளர் தாமே தம் மக்களை அழைத்து உண்மையைக் கூறுவாராயின் இவ்விக்கட்டே பெரிதும் நீங்கும். அச்சொல் கேட்டற்கு அரியதே. ஆயினும், பெற்றோர் வாயினின்று அன்போடு வருங்கால் அதனைத் தாங்கும் வலிமையும் உடன் வரும்.